முப்பத்தொன்பது ராடு

ஜெகதேவிக்குத் தெற்கே, மாங்கன்று வாடிய மேட்டில்
ராத்திரி பத்தேகாலுக்கு வண்டியை நிமிர்த்தினோம்.
நாலு ஜாக்கிக்கும் கட்டை கொடுத்து ரசமட்டம் பார்த்தேன்.
இங்கே ஒரு விரற்கடை சாய்ந்தால்
ஐந்நூறு அடியில் ஒரு முழம் தள்ளி நிற்கும்;
ஒவ்வொரு ராடும் அடுத்த ராடின் கழுத்தைத் திருகும்.

மண் இருபத்திரண்டு அடி. கேசிங் இறங்கியது.
அதற்குக் கீழே பர்கூர்க் கல்.
ஊரூராய்ச் சமையல் மேடைக்கு அறுத்துக் கொடுத்ததுபோக
மிச்சமெல்லாம் இங்கே கிடக்கிறது.
பிட் தனக்கொரு குழி செய்து உட்காரும்வரை
காற்றைப் பாதிதான் திறக்க வேண்டும்.
"தீரே" என்றேன் சுக்ராமிடம்.
அவன் பேச்சில் எனக்குத் தெரிந்த ஆறு சொல்லில்
அதிகம் தேய்ந்தது அதுதான்.

சுற்றுகிற தலைக்கும் ராடுக்கும் நடுவே
கருப்பாய் ஒரு ரப்பர் அடுக்கு.
கீழிருந்து ஏறி வரும் அடியை அது தின்னும்.
அது தின்னாவிட்டால் கியர்ப்பெட்டி தின்னும்,
போல்ட் தின்னும், வெல்டிங் வைத்த இடமெல்லாம் தின்னும்.
வெடித்துவிட்டது என்று தையிலேயே சொன்னேன்.
"ஓடற வரைக்கும் ஓட்டுங்க" என்றார் திருச்செங்கோட்டில் முதலாளி.
இது பங்குனி. ஓடுகிறது.
ரப்பர் விட்ட மீதி
லீவர் வழியாக என் வலது கைக்கு வருகிறது.

கல் முழுசாக இருந்தால் கையில் ஒரே சீர்.
பிளவு வந்தால் நடுவில் ஒரு அடி விடுபடும்,
தூக்கத்தில் படி தவறுவதுபோல.
அந்த நொடியில் தூக்கிவிட வேண்டும், சுற்றைக் குறைக்க வேண்டும்.
இல்லையென்றால் பிளவு பிட்டைக் கவ்வும்.

முதலில் அமுக்க வேண்டும். அப்புறம் தாங்க வேண்டும்.
இறங்க இறங்க ராடே பாரம்.
முப்பது ராடு, மூன்று டன்னுக்கு மேல்.
அத்தனையும் பிட்டின் தலையில் உட்கார்ந்தால்
பல் உதிரும்.
மேலே இழுத்துப் பிடித்தபடியேதான் கீழே விடுகிறேன்.

விளக்கு எட்டாத இடத்தில் சாக்கு விரித்து
முனிரத்னம்மா.
ராடுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்துவைத்தாள்.
ஐந்நூறில் வெள்ளைப் புகை. அறுநூறில் வெள்ளைப் புகை.
அடிக்குத்தான் காசு, தண்ணீருக்கு இல்லை
என்பது இருவருக்கும் தெரியும்.
நானும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டேன்:
"கல்லு கெட்டிங்க."
"பாக்கலாங்க."
"ஈரம் தட்டற மாதிரி இருக்குதுங்க."
கடைசியாகச் சொன்னது பொய்.

எழுநூற்று எண்பதில் அவளே எழுந்து வந்தாள்.
புருவமெல்லாம் கல்மாவு.
"முப்பத்தொம்பது ஆச்சு. கழட்டுப்பா.
முந்நூறுலயே மோந்து பாத்துட்டேன்,
இது எனக்கு மூணாவது போரு.
நீ பதமா சொல்லிக்கினு வந்தியா,
சரி, சொல்லட்டும்னு இருந்தேன்."

கம்ப்ரசரை நிறுத்தியதும் காது இரைந்தது.
ஒவ்வொரு ராடாக ஏற்றி, மரையைத் துடைத்து,
கிரீஸ் தடவி அடுக்கினோம்.
பிட்டில் ஒரு பல்கூடப் போகவில்லை.
குழிக்குச் சாக்கைப் போட்டு மேலே கல் வைத்தாள்,
ஆட்டுக்குட்டிக்காக.

விடியும்போது அடுப்பு மூட்டி டீ வைத்தாள்.
சுக்ராமுக்கு டம்ளர் நிறைய ஊற்றினாள்.
எனக்குப் பாதி.
பில்லைப் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.
வாங்கினேன்.
பாதியே விளிம்புவரை ஏறி ஏறி இறங்கியது.
சிந்தவில்லை.
குடித்து முடிக்கும்வரை பாத்திரத்தோடு நின்றாள்,
பிறகு மறுபாதியை ஊற்றினாள்.